கராஜில் வேக வேண்டிய வான்கோழி

கோழி இறைச்சி விஷயத்தில் என்னோடு வாதாடி வென்றவர் எவரும் இல்லை. தென் லண்டனில் ஒரு கவுன்சிலில் உணவுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொரித்த கோழிக் கடை, கெபாப் கடை, பள்ளிக்கூடக் குசினி, கோயில் அன்னதான மண்டபம் என்று வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நான் நுழையாத இடம் இந்தப் பக்கத்தில் குறைவு. வெந்த இறைச்சியின் நடுவில் வெப்பமானியைக் குத்திவிட்டு, எண் ஏறி முடியும்வரை கடைக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெரும்பாலும் எண்ணுக்கு முதலே முகம் சொல்லிவிடும்.

இவ்வளவு தெரிந்த நான், எழுபதை நெருங்கும் வயதுவரை ஒரு வான்கோழியைச் சமைத்ததில்லை. சமைத்தது ஒன்றே ஒன்று. மகள் கேட்டதால் சமைத்தேன். அது மார்கழியில். மாசியில் மகள் இல்லை.

அதுவரை ஏன் சமைக்கவில்லை என்பதற்கு எங்கள் வீட்டின் சட்டதிட்டங்களைச் சொல்லவேண்டும். மோர்டனில் நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு கராஜ் இருக்கிறது. அதில் கார் நின்றதே இல்லை. எங்களவர்கள் பலரின் வீடுகளில் போலவே அங்கே ஒரு பழைய மின்சார அடுப்பும் அதன் கீழ் ஓவனும், ஒரு மடக்கு மேசையும், மச்சச் சட்டிகளும் இருக்கின்றன. மீனும் இறைச்சியும் அங்கேதான் வேகும். வீட்டுக் குசினிக்குள் ஏறாது. குசினிச் சுவரில் உள்ள அலுமாரி ஒன்றில் என் மனைவியின் சாமிப்படங்கள் இருக்கின்றன. இது முதலாவது விதி. இரண்டாவது விதி, விரத நாட்களில் கராஜ் அடுப்பும் எரியாது. மார்கழித் திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் விரதம். அது பெரும்பாலும் கிறிஸ்மஸோடு, எங்கள் வாயில் நத்தாரோடு, வந்து முட்டும். முட்டாத வருஷத்தில் நத்தார் வெள்ளிக்கிழமையில் விழும். அதுவும் இல்லையென்றால் மனைவி பஞ்சாங்கத்தைப் புரட்டி வேறு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பாள். கவுன்சிலில் என்னோடு வேலை செய்த சட்டத்தரணிகளுக்குக்கூட அந்தத் திறமை இருக்கவில்லை.

மகள் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், விடுமுறைக்கு முந்திய வாரம் பிள்ளைகளுக்குக் கடதாசித் தொப்பி போட்டுவிட்டு வான்கோழி பரிமாறினார்கள். அவள் தொப்பியோடு வீட்டுக்கு வந்து, எங்கள் வீட்டில் ஏன் வான்கோழி இல்லை என்று கேட்டாள்.

“விரதத்துக்குள்ளை வான்கோழியோ? இந்த வீட்டிலை ஒருக்காலும் நடவாது” என்றாள் தாய்.

அடுத்த வருஷமும் கேட்டாள். அதே பதில். கொஞ்சம் வளர்ந்ததும் அவளுக்கு வான்கோழியில் இருந்த ஆசை போய்விட்டது. கேட்பதில் ஆசை வந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டாள். கணித ஆசிரியையாகி, கோலியர்ஸ் வுட்டில் தனக்கென்று ஒரு பிளாட் எடுத்துக்கொண்ட பிறகும், மார்கழி பிறந்தால் கேட்பாள். தாயும் அந்தக் கேள்விக்குக் காத்திருப்பாள். குரலை ஒரு படி உயர்த்தி, அதே சொற்களில், ஒரு சொல் கூடாமல் குறையாமல் மறுப்பாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் நத்தார் என்பது அவ்வளவுதான். மரமும் இல்லை, பரிசும் இல்லை. கேள்வி ஒன்று, மறுப்பு ஒன்று.

மகளுக்குப் புற்றுநோய் வருத்தம் வந்தது ஒரு வைகாசியில். அடுத்த வருஷம் ஐப்பசியில் அவள் பிளாட்டைப் பூட்டிவிட்டுத் தன் பழைய அறைக்கே வந்துவிட்டாள். “மருந்தைக் கொஞ்சக் காலம் நிப்பாட்டி வைச்சிருக்கினம். உடம்பு தேறட்டாம்” என்று எங்களுக்குச் சொன்னாள். இந்த நாட்டில், வளர்ந்த பிள்ளையின் வருத்தத்தை டொக்டர் பிள்ளைக்குத்தான் சொல்வார். பெற்றவர்களுக்குச் சொல்லமாட்டார். அது சரியான நடைமுறை. நான் அதற்கு எதிரானவன் அல்ல.

ஆனால் நடைமுறைகளோடு வாழ்ந்தவனுக்கு, அவை எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்பதும் தெரியும். ஓர் அலுவலகம் அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துத் தரும்வரை உங்கள் விஷயம் உயிரோடு இருக்கிறது. “எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள்” என்று சொன்னால் முடிந்தது. நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு ஸ்கேன் எடுக்க நாள் வருவது நின்றுபோயிற்று. வீட்டுக்கு ஒரு நேர்ஸ் வரத் தொடங்கினார். மிகவும் அன்பானவர், எதையும் அவசரப்படுத்தாதவர். முதல் நாள் போகும்போது வாசலில் நின்று, எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள் என்று என்னிடம் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டுக் கராஜுக்குள் போய், மச்சச் சட்டிகளை அளவு பார்த்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகுதான் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

ஆக, நிலைமை இதுதான். அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியக்கூடாது. ஏனென்றால், அம்மாவையும் அப்பாவையும் இதிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு ஒன்றுதான் அவளைக் காலையில் எழுப்பி, தலை சீவவைத்து, கீழே இறக்கிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டால் அவளிடம் வேறு வேலை இல்லை. எனவே நாங்கள் ஒன்றும் தெரியாத பெற்றோராக நடித்தோம். சித்திரையில் ஊருக்குப் போவதற்கு டிக்கெட் விலை பார்ப்பதுபோல நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். அவள் பின்னால் வந்து நின்று, “மலிவாய் இருக்கே அப்பா?” என்று கேட்டாள். “இறங்கும், பொறுத்துப் பாப்பம்” என்றேன்.

மார்கழி பிறந்து சில நாட்களில், அவள் சோபாவில் போர்வைக்குள் இருந்தாள். தாய் பக்கத்தில் நிலத்தில் இருந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த முறை வான்கோழி?”

வழக்கமான கேள்வி. வழக்கமான குரல். நான் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. பதில் எனக்கு மனப்பாடம்.

“ஓம் பிள்ளை” என்றாள் மனைவி. “செய்வம்.”

அப்போது தலை நிமிர்த்தினேன். மகளின் முகத்தில் சிரிப்புக்குத் தயாராக வைத்திருந்த உதடுகள் அப்படியே நின்றுவிட்டன. ஒரு படியை எதிர்பார்த்துக் காலை வைத்தவருக்கு அங்கே படி இல்லாவிட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு முகம். தாய்க்கும் விளங்கிவிட்டது. உரித்த வெங்காயத்தைத் திரும்பவும் உரிக்கத் தொடங்கினாள்.

“கராஜுக்கைதான், சொல்லிப்போட்டன்” என்றாள் அவசரமாக. “வீட்டுக்குள்ளை எடுக்க ஏலாது. ஒரு எலும்புகூட இந்த வாசல்படி தாண்டக்கூடாது.”

மகள் மெல்ல மூச்சு விட்டாள். ஒரு விதியாவது மிச்சம் இருந்தது. “அப்ப கராஜுக்கை மேசை போட்டு, மூண்டு பேரும் கோட் போட்டுக்கொண்டு சாப்பிடுவமோ?” என்று கேட்டாள்.

“நீங்கள் ரெண்டு பேரும் சாப்பிடுங்கோ. நான் விரதம்.”

அவள் மேலே போன பிறகு நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

“நீர் ஏன் ஓம் எண்டு சொன்னீர்?”

“எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?”

“வழக்கமாச் சொல்லுற மாதிரி.”

“அப்ப நீங்கள் சொல்லியிருக்கலாமே. பேப்பருக்குள்ளை தலையை வைச்சுக்கொண்டு இருந்தியள்.”

அது உண்மை. செய்வது என்று ஆகிவிட்டால், செய்வதைச் சரியாகச் செய்யவேண்டும். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

உறைந்த வான்கோழிகளில் ஆகச் சிறியதாகப் பார்த்து வாங்கினேன். அதுவே ஒரு கைக்குழந்தை அளவு இருந்தது. விரத காலத்தில் வீட்டு பிரிட்ஜுக்குள் அது போக முடியாது. எனவே கராஜின் நான்கு மூலைகளிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்து, பிரிட்ஜைப் போலவே குளிர்ந்திருந்த ஒரு மூலையைத் தெரிந்து, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்து அதை மெதுவாக உருகவிட்டேன். காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். மருந்தால் எதிர்ப்புச் சக்தி போன உடம்புக்குக் கொடுக்கப்போகிற உணவு. அதில் ஒரு கிருமிகூட உயிரோடு போகக்கூடாது. என் தொழிலில் நான் கற்ற எல்லாமும் இந்த ஒரு கோழிக்காகத்தான் என்று அந்த நாட்களில் நினைத்தேன். உலகத்தில் என்னால் கொல்லக்கூடியதாக இருந்தது அந்தக் கிருமிகள் மட்டும்தான்.

நத்தாருக்கு முதல் நாள் மனைவி ஒரு பெரிய தாச்சியில் மஞ்சள் தண்ணீரும் பிழிய இரண்டு தேசிக்காயுமாகக் கராஜுக்கு வந்தாள். விரதக்காரி. ஆனாலும் மேற்பார்வை செய்யாமல் இருக்க முடியவில்லை.

“கழுவக்கூடாது” என்றேன்.

“என்ன கதை இது? மஞ்சள் தண்ணியிலை கழுவாத இறைச்சியை ஆரும் சமைப்பினமோ?”

“கழுவினால் கிருமி தெறிச்சு நாலு பக்கமும் பரவும். கடைக்காரருக்கு எல்லாம் இதுக்குத்தான் நான் புள்ளி குறைக்கிறனான்.”

“இவ்வளவு காலமும் நான் கழுவித்தானே தந்தனான். சாப்பிட்டிட்டு எழும்பேக்கை ஒருநாளும் புள்ளி குறைக்கேல்லையே?”

கடைசியில் தண்ணீர் இல்லாமல், உப்பும் மஞ்சளும் தேசிப்புளியும் குழைத்துப் பூசுவது என்று உடன்பட்டோம். அவள் கறித்தூள் போத்தலையும் எடுத்தாள். மகள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தந்த மாதிரி வெறும் உப்பும் மிளகும்தான் வேண்டுமாம்.

“உப்பும் மிளகும் போட்டு அவிச்சுக் குடுக்கிறது வருத்தக்காரருக்கெல்லோ” என்றாள் மனைவி. சொன்ன பிறகு போத்தலின் மூடியை இறுக்கி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

மறுநாள் காலை, மகள் எழும்ப முதல், நான் ஓவனைச் சூடாக்கி வான்கோழியை உள்ளே வைத்தேன். வீதியில் ஒரு சத்தம் இல்லை. பக்கத்து வீட்டார் தங்கள் மகனிடம் போய்விட்டார்கள். கராஜில் கம்பளித் தொப்பியோடு ஒரு கதிரையில் இருந்துகொண்டு ஓவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் மனைவி விளக்கேற்றிக் கும்பிடும் மணிச் சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலம் போயிருக்கும். தோல் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. திடீரென்று ஓவனின் விளக்கு அணைந்தது. மேலே எரிந்த பல்ப்பும் அணைந்தது.

டிரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. தூக்கிவிட்டேன். விழுந்தது. திரும்பத் தூக்கினேன். திரும்ப விழுந்தது. டோர்ச் வெளிச்சத்தில் ஓவனுக்குப் பின்னால் பார்த்தேன். காற்றாடி இருக்கிற இடத்திலிருந்து கீழே வரைக்கும் மஞ்சளாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

சத்தம் கேட்டு மனைவி வந்தாள்.

“இதுக்குள்ளை தண்ணி விட்டனீரோ?”

“விரதம் தொடங்க முதல் கழுவினனான். உள்ளுக்கையும் மஞ்சள் தண்ணி தெளிச்சனான். ஒவ்வொரு வருஷமும் செய்யிறதுதானே.”

ஒவ்வொரு வருஷமும் செய்கிறதுதான். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தண்ணீர் காய்வதற்கு நாட்கள் இருந்தன. இந்த வருஷம்தான் விரதத்துக்குள் ஓவன் எரிந்தது. சமைக்க முதல் சாதனத்தை வெறுமையாக ஓடவிட்டுப் பார்க்கவேண்டும் என்பது எந்தக் குசினிக்கும் முதல் பாடம். நான் வெப்பமானியைச் சோதித்தேன், மூலைகளைச் சோதித்தேன், கோழியைச் சோதித்தேன். ஓவனை விட்டுவிட்டேன்.

சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருக்கிற கோழி இறைச்சியைப்போல ஆபத்தான பண்டம் என் தொழிலில் இல்லை. ஒன்றில் உடனே தொடர்ந்து வேகவைக்க வேண்டும். இல்லையென்றால் எறியவேண்டும். நான் குப்பைப் பையை எடுத்தேன்.

“என்ன செய்யிறியள்?”

“எறியிறன். வேறை வழியில்லை.”

“உள்ளுக்கை கொண்டு வாங்கோ.”

“எங்கை?”

“குசினிக்கை. என்ரை ஓவனுக்கை.”

நான் பையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். “அவள் கண்டால், எங்களுக்குத் தெரியும் எண்டு விளங்கியிடும்.”

“கண்டால் காணட்டும். பிள்ளை சாப்பிடவேணும்” என்றாள். பிறகு குரல் இறங்கிச் சொன்னாள்: “இனி எப்ப கேக்கப்போறாள்?”

நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது அவள் சுவர் அலுமாரியைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையார், முருகன், நடராசர், காமாட்சி விளக்கு. எல்லாவற்றையும் ஒரு பட்டுச் சீலையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினாள்.

“சாமியளை எங்கை கொண்டுபோறீர்?”

“மேலை, எங்கடை அறைக்கை.”

“ஏன்?”

“அவை இதைப் பாக்கத் தேவையில்லை.”

வான்கோழி அந்தக் குசினியில் வேகத் தொடங்கியது. யன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். பிரயோசனம் இல்லை. வாட்டும் இறைச்சியின் மணம் எந்த விதியையும் கேட்காமல் படியேறி மேலே போயிற்று.

மகள் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கீழே வந்தாள். உதவிக்குப் போனால் கோபம் வரும். எனவே நான் பாத்திரத் துணியால் ஏற்கெனவே காய்ந்த கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் குசினி வாசலில் நின்றாள். ஓவனுக்குள் எரிந்த விளக்கைப் பார்த்தாள். திறந்து கிடந்த வெறும் அலுமாரியைப் பார்த்தாள். அதன் பலகையில் படங்கள் இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரம் சதுரமாகத் தெரிந்தது.

“கராஜ் எண்டெல்லோ சொன்னியள்?”

“டிரிப் விழுந்திட்டுது” என்றேன். “கொம்மா ஓவனையும் தீட்டுக் கழிச்சிருக்கிறா.”

அவள் சிரிக்கவில்லை. “அப்ப எறிஞ்சிருப்பா. முந்தி எண்டா அம்மா எறிஞ்சிருப்பா.”

தாய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். ஓவன் உறுமிக்கொண்டிருந்தது.

“எப்ப இருந்து தெரியும்?” என்று மகள் கேட்டாள்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் கடைக்காரர்களின் முகத்தைப் படித்துச் சம்பளம் வாங்கியவனின் மகள் அவள். “நேர்ஸ் முதல் வந்த நாளிலையிருந்து” என்றேன்.

“அம்மாவுக்கு?”

“அண்டைக்கே சொல்லிப்போட்டன்.”

அவள் கதிரையை இழுத்து மெதுவாக இருந்தாள். “நான் இவ்வளவு நாளும் லிப்ஸ்டிக் எல்லாம் போட்டுக்கொண்டெல்லோ இறங்கி வாறனான்” என்றாள். “மூண்டு பேரும் நடிச்சிருக்கிறம். பாக்கிறதுக்கு ஒரு சனம் இல்லை.”

அப்போதுதான் மனைவி அழுதாள். அழுதுகொண்டே ஓவனுக்கு முன்னால் குந்தி, கண்ணாடிக்குள் பார்த்து, “கருகுது, அந்தப் பக்கத்தைத் திருப்புங்கோ” என்றாள் என்னிடம். நான் திருப்பினேன். மகள் தன் கதிரையைத் தாயின் பக்கம் நகர்த்தி, அவளுடைய தலையில் கையை வைத்தாள். மூவரும் அந்த ஓவனைத் தீ மூட்டிய இடத்தைப்போலச் சுற்றி இருந்தோம். யன்னல்களை மூட எவருக்கும் நினைவு வரவில்லை. குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

“சித்திரை டிக்கெட்?” என்று மகள் கேட்டாள்.

“வாங்கேல்லை.”

“அதுதானே பாத்தன். நீங்கள் ஒரு சாமானை இவ்வளவு நாள் விலை பாத்ததில்லை.”

வான்கோழியைத் தொடையின் தடித்த இடத்திலும் நெஞ்சிலும் குத்திப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டிருக்கும்போது பழக்கதோஷத்தில் நிமிர்ந்து முகம் பார்த்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாஸோ?” என்று கேட்டாள்.

“பாஸ்.”

அரை மணித்தியாலம் மூடி ஆறவிட வேண்டும். விட்டேன். மனைவி வீட்டு மேசையிலேயே வாழையிலைப் படம் போட்ட நல்ல விரிப்பை விரித்தாள். கோட் போட்டுக்கொண்டு கராஜில் சாப்பிடுகிற திட்டத்தைப் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை. மகளுக்கு ஒரு சின்னத் துண்டு வெட்டி வைத்தேன். மனைவி தன் விரதச் சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் விரதத்தோடு இறைச்சி இருந்த மேசையில் இருந்தாள்.

மகள் ஒரு விரலளவு துண்டை வாயில் வைத்து, நெடுநேரம் மென்றாள்.

“எப்பிடி?” என்றாள் தாய்.

மருந்துக்குப் பிறகு அவளுக்கு எதிலும் ருசி தெரிவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். தண்ணீரிலேயே இரும்பு மணக்கிறது என்று சொல்லியிருந்தாள். அவள் விழுங்கினாள்.

“ஒரு ருசியும் இல்லை” என்றாள். “பள்ளிக்கூடத்திலையும் இப்பிடித்தான் இருந்தது. அச்சொட்டா அதே மாதிரி.”

நானும் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மருந்து சாப்பிடாத என் நாக்குக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை. இதற்காகவா இந்த நாட்டுச் சனம் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறது என்று கேட்டேன். மகள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி அடங்கச் சற்று நேரம் எடுத்தது. தாய் முதுகைத் தடவிவிட்டாள். அடங்கிய பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து இருந்தாள்.

“அம்மா, வாற வருஷமும் கேப்பன்.”

மனைவி என்னைப் பார்த்தாள். என்னிடம் ஒரு நடைமுறையும் இல்லை.

“நான் கேட்டால் என்ன சொல்லுவியள்?” என்றாள் மகள். “சொல்லுங்கோ அம்மா. பழையபடி சொல்லுங்கோ.”

மனைவி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். கண்ணைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, அந்தப் பழைய குரலை எங்கிருந்தோ ஒரு படி உயர்த்தி எடுத்துச் சொன்னாள்.

“விரதத்துக்குள்ளை வான்கோழியோ? இந்த வீட்டிலை ஒருக்காலும் நடவாது.”

ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “ம்” என்றாள். பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, “அப்ப இந்த வருஷத்துக் கோழியிலை இன்னும் ஒரு துண்டு வையுங்கோ அப்பா” என்றாள்.

வைத்தேன். அதில் பாதியைச் சாப்பிட்டாள். அன்றைக்குப் பிறகு அவ்வளவு அவள் சாப்பிடவில்லை.

சமைத்த இறைச்சியின் மீதியை இரண்டு மணித்தியாலத்துக்குள் சிறு துண்டுகளாக்கி, மூடி, பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு இதற்காக நோட்டீஸும் கொடுத்திருக்கிறேன். லண்டனில் மார்கழியில் பின்னேரம் என்று ஒன்று கிடையாது. மத்தியானம் நேரே இருட்டுக்குள் போய்விடும். மகள் தாயின் தோளில் சாய்ந்து, தன் வகுப்பில் ஒரு பெடியன் பின்னங்களைக் கூட்டிய விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவிக்குக் கணக்கு விளங்காது. “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வான்கோழி மேசை நடுவில் திறந்தபடி ஆறிக்கொண்டிருந்தது. நேரம் கடந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எழுந்து அதை எடுத்துவைத்தால் சாப்பாடு முடிந்துவிடும்.

நான் எழவில்லை. மேசை விளக்கைக்கூட எவரும் போடவில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் போகும்வரை அப்படியே இருந்தோம்.